பார்பிக்யூ அடுப்பு செய்ய எந்த இரும்பு, எந்தக் கம்பி?

சாதாரண இரும்பில் சமைப்பதால் நஞ்சேறாது. தோசைக்கல்லும் இரும்புதான், பணியாரச் சட்டியும் இரும்புதான். வீட்டில் செய்யும் பார்பிக்யூ அடுப்பில் ஆபத்து பெரும்பாலும் இரும்பின் மேல் இருக்கும் பூச்சிலிருந்து வருகிறது. துருப்பிடிக்காமல் இருக்கத் தோய்த்த துத்தநாகம், பளபளப்புக்கு ஏற்றிய முலாம், பெயின்ட், பிளாஸ்டிக் உறை என்று அது பல வகை. வேலிக்கும் அலமாரிக்கும் செய்த பொருளைத் தீயின் மேல் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கரி எரியும் பெட்டிக்கு 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) தகடு. உணவு படும் தட்டுக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். 304 (எவர்சில்வரில் ஒரு வகை) கம்பி. முலாம் பூசாத போல்ட், நட். உள்பக்கத்தில் எந்தப் பெயின்ட்டும் கூடாது. கையில் இருக்கும் பழைய பொருளை வைத்துச் செய்ய விரும்புபவர்களும், இதற்கெல்லாம் காரணம் என்ன என்று கேட்பவர்களும் மேலே படிக்கலாம்.

எங்கே எவ்வளவு சூடு

கனன்று எரியும் கரியின் மேற்பரப்பு 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டுக் காற்றூதி வைத்தால் ஆயிரத்தைத் தாண்டும். கரியைத் தொட்டபடி இருக்கும் தகடு இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் அது ஏறக்குறைய 550 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். கரிக்கு 10 செ.மீ. மேலே உள்ள கம்பித் தட்டு, மேலே இறைச்சி இருக்கும்போது 200 முதல் 300 டிகிரியில் நிற்கும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினாலோ, தட்டு காலியாக இருந்தாலோ 400ஐத் தாண்டும். பெட்டியின் வெளிச்சுவர் கரியின் உயரத்தைப் பொறுத்து மாறும். கால்களின் அடிப்பாகம் கைபொறுக்கும் சூட்டில்தான் இருக்கும்.

ஆகவே ஒரே உலோகம் காலுக்கு ஆகும், கரித்தட்டுக்கு ஆகாது. ‘ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போடலாமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

துத்தநாகம்: எங்கும் இருப்பது இதுதான்

ஹார்டுவேர் கடையில் ‘கிரில்லுக்கு மெஷ் வேணும்’ என்றால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஜி.ஐ. வெல்ட் மெஷ், அதாவது கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் போடுகிற வலை. இரும்புக் கம்பியில் துத்தநாகம் பூசியது. தண்ணீர்க் குழாய், கூரைத் தகடு, வாளி, கட்டும் கம்பி, வெள்ளை போல்ட் எல்லாவற்றிலும் இதே பூச்சுதான்.

துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே, 200 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சூடேறினால், பூச்சு இரும்பிலிருந்து பொருக்குப் பொருக்காகக் கழன்றுவரும். அந்தப் பொருக்கு உணவில் ஒட்டும். கரிக்கு நெருக்கமான இடத்தில் அது உருகி, ஆவியாகி, காற்றில் எரிந்து வெண்புகையாக மாறும். அந்த வெண்புகைதான் துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் போல வரும். நடுக்கம், உடல்வலி, வாயில் உலோகச் சுவை, நெஞ்சிறுக்கம் இருக்கும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. பட்டறைகளில் இதற்குப் பால் குடிக்கச் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. அதனால் பாலில் பயனில்லை.

திறந்த வெளியில் ஒருமுறை ஜி.ஐ. வலையில் கோழி சுட்டவர்கள் எல்லாரும் படுத்துவிடுவதில்லை, உண்மைதான். தட்டின் சூடு 250 டிகிரியில் நின்றுவிட்டால் ஆவியாகும் துத்தநாகம் மிகக் குறைவு. ஆனால் நம்மூர் மசாலாவில் தயிரும் எலுமிச்சையும் இல்லாமல் இருக்காது, சில வீடுகளில் புளியும் சேரும். புளிப்பு துத்தநாகத்தைச் சூடில்லாமலேயே கரைக்கும், சூடு அதை வேகப்படுத்தும். கரைந்த துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி. இதோடு, சூட்டில் தோய்க்கும் துத்தநாகக் குழம்பில் சிறிதளவு காரீயமும் கலந்திருப்பது வழக்கம். அளவு குறைவுதான். ஆனால் குழந்தைகள் சாப்பிடும் தட்டில் தெரிந்தே காரீயத்தைச் சேர்க்க வேண்டிய தேவை என்ன?

‘ஒரு தடவை நல்லா எரிச்சுட்டா ஜி.ஐ. சரியாயிடும்’ என்று பலர் சொல்வதுண்டு. முழுப் பூச்சும் ஒரே எரிப்பில் போகாது. மேல் அடுக்கு போனாலும் இரும்போடு கலந்து உருவான அடி அடுக்கு தங்கிவிடும். எரிக்கும்போது வரும் புகையும் உங்கள் மூச்சுக்குத்தான் வரும். ஆசிட்டில் ஊறவைத்துப் பூச்சை நீக்கலாம் என்பது சரியே. ஆனால் அந்த ஆசிட், கையுறை, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு என்று இத்தனை பாட்டையும் யோசித்தால், அந்தப் பணத்துக்கும் உழைப்புக்கும் பூச்சில்லாத கம்பியையே வாங்கிவிடலாம்.

காலுக்கு ஜி.ஐ. குழாய் போடலாம், தாராளமாக. கரிப்பெட்டியோடு வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு இணையுங்கள், போதும்.

மயில்துத்தச் சோதனை

காந்தம் வைத்துப் பார்த்தால் ஜி.ஐ.யும் ஒட்டும், வெறும் இரும்பும் ஒட்டும். கண்ணால் பார்த்தால் புதிய ஜி.ஐ. தகட்டில் பூப்பூவாகப் படிக வடிவங்கள் தெரியலாம். பழையதில் வெண்மாவு படிந்திருக்கும். மெல்லிய முலாம் என்றால் கண்ணும் ஏமாறும்.

நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நீலப் படிகம்) இந்தச் சந்தேகத்தை ஒரு நிமிடத்தில் தீர்க்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் 50 மி.லி. தண்ணீர் எடுத்து, பொடித்த மயில்துத்தம் இரண்டு டீஸ்பூன் கரையுங்கள். சோதிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்பு போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். இரண்டு இடங்களைத் தயார் செய்ய வேண்டும்: ஒன்று மேற்பரப்பு அப்படியே, இன்னொன்று அரத்தால் நன்றாக ராவி உள்ளுலோகம் தெரியும் இடம். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

வெறும் இரும்பு என்றால் சொட்டு வைத்த இடம் செம்பு நிறமாகும். துடைத்தாலும் செம்பு ஒட்டியே நிற்கும். துத்தநாகம் என்றால் சில விநாடிகளில் கருத்து, பஞ்சு போன்ற கரும்படிவு வரும். துணியால் துடைத்தால் அது கழன்றுவிடும். காட்மியம் பூச்சும் இப்படிக் கருக்கும். அதனால் கருத்தால் அது எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். எவர்சில்வர் என்றால் எதுவும் நடக்காது, நீலச் சொட்டு நீலமாகவே உட்கார்ந்திருக்கும். குரோமியம் முலாமும் மேற்பரப்பில் இப்படித்தான் சாதுவாக இருக்கும். அங்கேதான் ராவிய இடம் உதவுகிறது. மேலே மாற்றமில்லை, ராவிய இடம் மட்டும் செம்பானது என்றால் அது முலாம் பூசிய இரும்பு. இரண்டிலும் மாற்றமில்லை என்றால்தான் உண்மையான எவர்சில்வர்.

மயில்துத்தம் நஞ்சு. சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். கையுறை போடுங்கள், மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். உணவு படாத ஓர் ஓரத்தில் சோதித்து, முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மற்ற பூச்சுகள், மற்ற உலோகங்கள்

காட்மியம் அதிகம் கண்ணில் படாது, ஆனால் எல்லாவற்றிலும் மோசம் அதுதான். 321 டிகிரியிலேயே உருகும். அதன் ஆவி நுரையீரலைப் புண்ணாக்கி உயிரையே எடுக்கலாம். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத் தெரிவதால் ஏமாந்துவிடுவார்கள். பழைய இயந்திரங்களின் போல்ட்டுகளிலும், பழைய பிரிட்ஜ் தட்டுகள் சிலவற்றிலும் இந்தப் பூச்சு இருந்ததுண்டு. பிரிட்ஜ் தட்டு பார்ப்பதற்கு அளவெடுத்துச் செய்த கிரில் போலவே இருக்கும். அதனாலேயே பலர் அதைத் தூக்கிக் கரிமேல் வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். புதிய தட்டுகளில் காட்மியம் இல்லாமல் போனாலும் வெள்ளை பிளாஸ்டிக் உறை இருக்கும், எரிந்தால் அதுவும் காரமான நச்சுப்புகைதான். மஞ்சள் நிறத்தில் வானவில் போல மினுக்கும் போல்ட் என்றால் துத்தநாகமா காட்மியமா என்று ஆராய வேண்டாம், வேறு போல்ட் கேளுங்கள்.

ஓவன் தட்டில் இருக்கும் குரோமியம் முலாம் ஓவன் சூட்டுக்குத் தாங்கும். நேர்க்கரியின் மேல் சில முறை வைத்தால் வெடித்து உரியும். உரியத் தொடங்கியதும் தூக்கிப் போடுங்கள்.

நான்ஸ்டிக் தவாவைக் கரித்தட்டாகவோ சொட்டுத்தட்டாகவோ வைக்கிறவர்களும் உண்டு. 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு கெடத் தொடங்கும், 350ஐ நெருங்கினால் நச்சுப்புகை விடும். வீட்டில் வளர்ப்புப் பறவை இருந்தால் முதலில் சாவது அதுதான்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே, 200 டிகிரியைத் தாண்டியதும் வலுவிழந்து தொய்யும். மூடிக்கு ஆகும், கரிப்பெட்டிக்கு ஆகாது. அலாய் வீலை அடுப்பாக்கலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது, சில வகைகளில் காரீயமும் உண்டு. செம்பு புளிப்போடு சேர்ந்தால் களிம்பு ஏறும், அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள். அந்த ஈயம் வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். ஈயச்சொம்பை ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கரி அடுப்பின் சூட்டில் இந்தப் பூச்சு எதற்கும் ஆகாது.

பெயின்ட் விஷயத்தில் ஒரு விவரம். வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயின்ட்டுகளுக்கு அந்த விதி இல்லை. விதி வருவதற்கு முந்தைய பழைய கேட், ஜன்னல் கம்பி, இயந்திரப் பாகம் ஆகியவற்றின் பெயின்ட்டைக் காரீயம் உள்ளதாகவே நினைத்துக்கொள்வது நல்லது. அதை எரித்து நீக்கக்கூடாது, கிரைண்டரால் உலர்ந்த நிலையில் ராவியும் பறக்கவிடக்கூடாது.

எஸ்.எஸ். எல்லாம் 304 ஆகாது

எவர்சில்வர் என்று கேட்டால் நம் சந்தையில் குறைந்தது மூன்று வகை கைக்கு வரும். 304இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202, ஜே4 என்று விற்கும் 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். 430இல் நிக்கலே கிடையாது.

மூன்றும் உணவுக்கு நஞ்சல்ல. வேறுபாடு உழைப்பில்தான். உப்பும் ஈரமும் சேர்ந்தால் 200 வரிசை ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விடும். கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். 430 சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் வெல்டிங் வைத்த இடம் நொறுங்கும் தன்மை பெறும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. காந்தம் 430ஐ மட்டுமே காட்டிக்கொடுக்கும். 304ஐயும் 202ஐயும் பிரிக்க எஸ்.எஸ். கடைகளில் ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியால் தொட்டால் மாங்கனீஸ் அதிகம் உள்ள வகையில் சொட்டு சிவக்கும். நல்ல கடையில் கேட்டால் உங்கள் முன்னாலேயே செய்து காட்டுவார்கள். செய்ய மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். பில்லில் ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் போடாமல் ‘304’ என்று எழுதி வாங்குங்கள்.

304 தட்டு சூடேறியதும் வைக்கோல் நிறம், பழுப்பு, நீலம் என்று மாறும். ‘முலாம் போயிடுச்சு’ என்று பதற வேண்டாம், அதில் முலாமே இல்லை. மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடித்ததால் வரும் நிறம் அது, கெடுதல் எதுவுமில்லை.

காயலான் கடையில் கிடைப்பவை

200 லிட்டர் டிரம் எல்லாருடைய கண்ணிலும் முதலில் படும். மூடி நிரந்தரமாக அடைத்து, சிறு துளை மட்டும் உள்ள டிரம்மை வெட்டுவது இந்த வேலையிலேயே அதிக ஆபத்தான காரியம். உள்ளே முன்பு தின்னரோ எரிபொருளோ இருந்திருந்தால் மிச்ச ஆவி கிரைண்டர் பொறியில் வெடிக்கும். ஒருமுறை தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது. வளையம் போட்டு மூடியைக் கழற்றும் வகை டிரம்மாகப் பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் அடைக்கப் பயன்படும் டிரம்கள் இந்த வகைதான். கூழ் தனிப் பையில் இருப்பதால் டிரம்மில் ரசாயன மிச்சம் இருக்காது. பூச்சிமருந்து, பிசின், ரசாயனம் வந்த டிரம்மை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

நல்ல டிரம்மிலும் வெளியே பெயின்ட் இருக்கும், உள்ளே பலவற்றில் பிசின் பூச்சு இருக்கும். மணல் வீச்சு (சேண்ட் பிளாஸ்டிங்) செய்யும் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் பூச்சை முழுக்க நீக்கி வாங்குவதுதான் சுத்தமான வழி. டிரம் சுவரின் கனம் 1 மி.மீ. அளவுதான், நேரடியாகக் கரி போட்டால் சீக்கிரம் ஓட்டை விழும். உள்ளே 3 மி.மீ. தகட்டில் ஒரு கரித்தட்டு செய்து வையுங்கள்.

லாரி பிரேக் டிரம் கனமான வார்ப்பிரும்பு, சூட்டைப் பிடித்து வைக்கும், பல வருடம் வரும். ஆனால் உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியை ஊதவோ உலர்ந்தபடி தேய்க்கவோ கூடாது, பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். நனைத்துக் கழுவித் துடையுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கார் இரும்பு ரிம் என்றால் ஓரத்தில் குத்தியிருக்கும் சிறு சிறு எடைக்கட்டிகளைப் பிடுங்கிவிடுங்கள். பழையவற்றில் அவை காரீயம், 327 டிகிரியில் உருகிக் கரியில் சொட்டும்.

வாஷிங் மெஷின் டிரம் பெரும்பாலும் எவர்சில்வர்தான், அதோடு காற்றுத் துளைகளும் இலவசம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் ஒன்று விடாமல் கழற்றிவிட்டு, மயில்துத்தம் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். டிரம்மின் முதுகில் உள்ள மூன்று கைத் தாங்கி அலுமினிய வார்ப்பு, அதையும் கழற்ற வேண்டும்.

15 கிலோ எண்ணெய் டின் ஓரிரு முறைக்கு வரும். வெளியே அச்சிட்ட பெயின்ட்டை நீக்க வேண்டும். மிகப் பழைய டின்களின் தையலில் காரீயப் பற்று இருக்கும். இத்தனை பாடு அதற்குத் தகுமா என்பது உங்கள் விருப்பம்.

கட்டடத்து டி.எம்.டி. கம்பியைத் தட்டாக்குவது பரவலான வழக்கம். வெறும் கம்பி என்றால் நஞ்சில்லை. ஆனால் வரிகளுக்கு இடையே கொழுப்பும் துருவும் தேங்கும், தேய்த்து எடுப்பது பெரும்பாடு. பச்சையாகப் பிசின் பூசிய டி.எம்.டி. கம்பி கண்டிப்பாகக் கூடாது. கபாப் குத்த சைக்கிள் ஸ்போக்ஸ் எடுப்பதும் இப்படித்தான். அதில் பெரும்பாலும் துத்தநாக முலாம் இருக்கும்.

கேஸ் சிலிண்டரை வெட்டாதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் உடைமை என்பது ஒருபுறம். உள்ளே மிச்ச வாயு இருந்தால் வெட்டுபவர் பிழைப்பது அரிது என்பது மறுபுறம்.

ஒரு சிறிய அடுப்பின் கணக்கு

நான்கைந்து பேருக்குப் போதுமான பெட்டி: நீளம் 45, அகலம் 30, உயரம் 20 செ.மீ. அடியும் நான்கு சுவரும் சேர்த்து 0.435 சதுர மீட்டர் தகடு. எம்.எஸ். தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ. ஆகவே 3 மி.மீ.யில் பெட்டி ஏறக்குறைய 10 கிலோ, 2 மி.மீ.யில் 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ.யில் செய்தால் எடை குறையும், ஆனால் நாலாவது தீயிலேயே நீளப் பக்கம் வயிறு தள்ளும். தட்டு ஆடத் தொடங்குவது அதனால்தான்.

அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் கரித்தட்டு. அந்த 5 செ.மீ. கீழே விழும் சாம்பலுக்கான இடம். கரித்தட்டை 8 அல்லது 10 மி.மீ. வெறும் எம்.எஸ். கம்பியில் செய்யலாம். உணவு படாத பாகம், எப்படியும் சில வருடத்தில் எரிந்து மாற்ற வேண்டியது, அதற்கு 304 போடுவது காசுக்குக் கேடு. நீளப் பக்கச் சுவர்களில் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் 12 மி.மீ. துளை எட்டெட்டு.

உணவுத் தட்டு: 6 மி.மீ. 304 கம்பி, இடைவெளி 10 மி.மீ., குறுக்குவாட்டில் 28 கம்பி, சுற்றிலும் 8 மி.மீ. சட்டம். கம்பியின் எடையைக் கணக்கிட, விட்டத்தை மி.மீ.யில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 6 மி.மீ.க்கு 0.22 கிலோ. மொத்தத் தட்டும் இரண்டரை கிலோ சுமார். 304இன் விலை எம்.எஸ்.ஸைவிட மூன்று நான்கு மடங்கு என்றாலும் இந்த எடைக்குப் பெரிதாகத் தெரியாது. பணத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால் இந்த ஒரு தட்டில்தான்.

தட்டைப் பெட்டியோடு சேர்த்து வெல்டிங் வைக்கக்கூடாது. 304 சூட்டில் எம்.எஸ்.ஸைவிட அதிகம் நீளும். 45 செ.மீ. கம்பி 300 டிகிரி ஏறினால் இரண்டரை மி.மீ. அளவுக்கு வளரும். இடமில்லாவிட்டால் வளைந்து மேலே எழும், அல்லது வெல்டிங் பிட்டுக்கொள்ளும். சுவரின் உள்பக்கத்தில் சிறு ஆங்கிள் துண்டுகள் வைத்து, தட்டைச் சும்மா அதன்மேல் உட்கார வையுங்கள். சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பட்டறையில் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

வெல்டிங் பட்டறையில் வேலை முடிந்ததும் கேட்காமலே செய்யும் காரியம் ஒன்று உண்டு: ரெட் ஆக்சைடு அடிப்பது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடித்துப் பழகிய கை. ‘அண்ணே, அடுப்புக்கு ரெட் ஆக்சைடு வேண்டாம், அப்படியே கொடுங்க’ என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த பிரைமர் வகைகள் பலவற்றில் துத்தநாகக் குரோமேட் கலந்திருக்கும், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உள்ளே அடித்துவிட்டால் முழுக்கச் சுரண்டாமல் பயன்படுத்த முடியாது. வெளிப்பக்கத்துக்கு நிறம் வேண்டுமென்றால் 600 டிகிரி தாங்கும் அலுமினியப் பெயின்ட் கேட்டு வாங்கி, வெளியே மட்டும் அடிக்கலாம். பவுடர் கோட்டிங் வேண்டாம், 200 டிகிரியைத் தாண்டினால் கருகும்.

இரண்டாவது, எஸ்.எஸ். கம்பியை எம்.எஸ். வெட்டிய அதே டிஸ்க்கில் வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கில் ஒட்டிய இரும்புத்தூள் எவர்சில்வரில் பதிந்து, பத்து நாளில் துருப்புள்ளியாகக் கிளம்பும். ‘304ன்னு சொல்லி ஏமாத்திட்டான்’ என்று கம்பி விற்றவர்மேல் பாயும் பல சண்டைகளுக்குக் காரணம் இந்த டிஸ்க்தான். புள்ளி வந்துவிட்டால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) தண்ணீரில் குழைத்துப் பச்சை நாரால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

வெல்டிங் ராடு: எம்.எஸ்.ஸுக்குச் சாதாரண 6013, 304க்கு 308எல், இரண்டையும் சேர்க்கும் இடத்துக்கு 309எல். பித்தளை ராடு வைத்துப் பற்றவைக்க வேண்டாம்.

போல்ட் கடையில் கேட்காவிட்டால் வெள்ளை முலாம் போல்ட்தான் கொடுப்பார்கள். கருப்பு போல்ட் அல்லது எஸ்.எஸ். போல்ட் என்று சொல்லி வாங்குங்கள்.

முதல் தீ

புதுத் தகட்டில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். பிறகு வெட்டவெளியில் 2 கிலோ கரி போட்டு, உணவில்லாமல் ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். முதல் கால் மணி நேரம் எண்ணெய்ப் புகை வரும், புகை போகும் திசையில் நில்லாதீர்கள்.

இந்தத் தீயில் தகட்டைக் கவனித்துப் பாருங்கள். எங்காவது பொடி போலப் படிந்து, சூட்டில் வெளிர்மஞ்சளாகவும் ஆறியதும் வெள்ளையாகவும் மாறினால் அது துத்தநாக ஆக்சைடு. சோதனைக்குத் தப்பிய ஏதோ ஒரு பாகத்தில் பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு போல்ட், ஒரு கீல், அல்லது கைப்பிடித் துண்டு. அதைக் கழற்றிவிட்டு மறுபடி எரியுங்கள். எம்.எஸ். மேல் நீலச்சாம்பல் நிறப் பொருக்கு உதிர்ந்தால் அது உருட்டாலையில் வந்த ஆக்சைடு, தட்டிவிட்டால் போதும்.

பெட்டி இளஞ்சூட்டுக்கு வந்ததும் கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளும் புறமும் மெல்லிசாகத் தேய்த்து, மறுபடி சூடேற்றுங்கள். அதிகம் பூசினால் பிசுபிசுத்து நிற்கும். தோசைக்கல் பழக்குவது போலத்தான் இதுவும். எஸ்.எஸ். தட்டுக்கு இது தேவையில்லை.

ஒவ்வொரு முறையும் ஆறியதும் சாம்பலைக் கொட்டிவிடுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்து, தகட்டை அடியிலிருந்து அரிக்கும். வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் தீயால் சாவதில்லை, மழையில் நனைந்த சாம்பலால்தான் ஓட்டையாகின்றன. கரி முழுக்க அணைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாள் கழித்துக் கொட்டுவது நல்லது. கனல் இருக்கும் அடுப்பை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் எடுத்து வைக்கவே கூடாது, வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு அறையை நிறைத்துவிடும்.

தட்டைத் தேய்க்கக் கம்பி பிரஷ் பயன்படுத்தினால், அதன்பின் ஈரத்துணியால் ஒருமுறை முழுக்கத் துடையுங்கள். உதிர்ந்த ஒரு கம்பி இழை இறைச்சியில் ஒட்டித் தொண்டையில் குத்தினால் அறுவை சிகிச்சை வரை போகும். பிரஷ்ஷில் இழை சாயத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். பாதி வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான தட்டில் தேய்ப்பது இதைவிடப் பாதுகாப்பு, அன்றாடப் பிசுக்குக்கு அதுவே போதும்.